பகுபதம் தெரிந்த பிள்ளைக்கு லத்தீன் தூரமில்லை

மேல்நிலை வகுப்புகளின் ஆங்கிலப் பாடநூலை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தும் முதுகலை ஆசிரியன் நான். பதினொன்றாம் வகுப்புக்கு 2018-19லும் பன்னிரண்டாம் வகுப்புக்கு அடுத்த ஆண்டிலும் வந்த புத்தகங்கள்தான் இன்றும் எங்கள் கையில் இருக்கின்றன. நல்ல புத்தகங்கள். பாடத் தேர்வைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. புத்தகத்தை அடுத்துத் திருத்தும்போது ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களுக்குள் இருக்கும் லத்தீன் வேர்களைக் கவிதைக்கும் உரைநடைக்கும் உள்ளேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க வழி செய்யுங்கள்.

‘இங்கிலீஷே தகராறு, இதில் லத்தீன் வேறா?’ என்று உங்களில் யாராவது சிரித்தால் அது நியாயமான சிரிப்புதான். எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் அதே கேள்வி வந்தது. என்னுடைய பதில் இது. வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்குச் சொற்கள் காது வழியாக வந்து சேர்ந்துவிடும். அப்பா செங்கல் சூளைக்கும் அம்மா நூறுநாள் வேலைக்கும் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. அதற்கு வேண்டியது, ஒரு சொல்லைக் கற்றால் பத்துச் சொல்லைத் திறக்கும் விதி. ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேல் லத்தீனிலிருந்து நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ வந்தவை. அந்தப் பாதியை விதி சொல்லிக் கற்பிக்கலாம். மறுபாதியைப் படித்துப் படித்துத்தான் பிடிக்க வேண்டும்.

இப்போதும் புத்தகத்தில் முன்னொட்டு, பின்னொட்டுப் பயிற்சி இருக்கிறது. அயல்மொழித் தொடர்களுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் அவை பாடத்துக்குப் பின்னால், பாடத்தோடு ஒட்டாமல் நிற்கின்றன. கவிதையை நடத்தும்போது வேர் இல்லை, வேரை நடத்தும்போது கவிதை இல்லை. பிள்ளைகள் அதை ‘ஒன் வேர்ட்’ கணக்கில் வைத்துக்கொண்டு பப்ளிக்குக்கு முந்தைய வாரம் உருப்போடுகிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் தோரு தத்தின் சவுக்குமரக் கவிதை இருக்கிறது. 1856இல் கல்கத்தாவில் பிறந்து, பிரான்சிலும் இங்கிலாந்திலும் சில காலம் படித்து, 21 வயதில் காசநோயில் இறந்துபோன பெண். அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து 1882இல் வெளியான தொகுப்பில் அந்தக் கவிதை வந்தது. முதல் வரியிலேயே மலைப்பாம்பைப் போல ஒரு கொடி மரத்தைச் சுற்றி ஏறுகிறது. மரத்தின் அடி, தழும்புகளால் ‘இன்டென்டட்’ ஆகியிருக்கிறது. குழி விழுந்த, பள்ளம் பட்ட என்று பொருள் சொல்லிக் கடந்துவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் கடக்கிறோம்.

அந்தச் சொல்லைக் கரும்பலகையில் உடைத்துப் பாருங்கள். ‘டென்ஸ்’, ‘டென்டிஸ்’ என்றால் லத்தீனில் பல். டென்டிஸ்ட் என்ற சொல் தெரியாத பிள்ளை வகுப்பில் கிடையாது. மலைப்பாம்பு என்று தொடங்கியவர் அடுத்த வரியில் பல் பதிந்த தழும்பைக் காட்டுகிறார் என்றால், உவமை ஒரு வரியோடு நிற்கவில்லை, உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு வரி தள்ளி அந்தக் கொடியின் ‘எம்ப்ரேஸ்’ வருகிறது. அதற்குள் ‘பிராக்கியம்’, அதாவது கை. அறிவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு ‘பிராக்கியல்’ தமனி தெரியும், பிரஷர் பார்க்கும்போது பட்டை சுற்றுகிற இடம். பாம்பு பல்லைப் பதிக்கிறது, கொடி கையால் அணைக்கிறது. நெரிப்பதும் தழுவுவதும் ஒரே கொடிதான், அந்தப் பிடியில் வேறு எந்த மரமும் பிழைத்திருக்காது என்கிறார் கவிஞர். ‘பொயட்டிக் டிவைஸ் என்ன?’ என்று கேட்டு ‘சிமிலி’ என்ற ஒற்றைச் சொல்லை வாங்கிக்கொள்வதோடு இதை வைத்துப் பாருங்கள்.

இன்டென்ட் என்ற சொல்லில் ஒரு சிக்கலும் உண்டு, அதையும் வகுப்பில் சொல்லிவிடுவேன். அடி விழுந்த குழியைக் குறிக்கும் ‘டென்ட்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் ஒன்று தனியாக இருக்கிறது. பஸ்ஸில் இடி வாங்கி ஒடுங்கிய தகரத்தைச் சொல்லும் அதே டென்ட். அதிலிருந்தும் ஓர் இன்டென்ட் பிறந்து, இரண்டும் ஒரே உருவில் கலந்துவிட்டன. இந்த மரத்தில் இருப்பது பல் தடமா, அடித்தடமா? சொன்னதுதான் தாமதம், கடைசி பெஞ்ச் வரைக்கும் கட்சி பிரிந்துவிடும். கவிதை வகுப்பில் வேறென்ன வேண்டும்?

அதே கவிதையின் கடைசி வரியில் ‘ஒப்ளிவியன்’ வருகிறது. மறதியின் சாபத்திலிருந்து அன்பு இந்த மரத்தைக் காக்கட்டும் என்கிறார். அதே புத்தகத்தில் ஷேக்ஸ்பியரின் ‘உலகமே ஒரு மேடை’ பகுதியிலும், மனிதனின் ஏழாம் பருவத்தைச் சொல்லும் இடத்தில் ‘மியர் ஒப்ளிவியன்’ என்று அதே சொல் இருக்கிறது. சொன்னதையும் எழுதியதையும் துடைத்து வழித்து வழவழப்பாக்கிவிடுவது என்ற கருத்து இந்தச் சொல்லின் அடியில் இருக்கக்கூடும் என்பது சொல்லாய்வாளர்கள் எண்ணம். ஒருவர் அந்தத் துடைப்பை எதிர்த்து மரத்துக்காக வேண்டுகிறார், இன்னொருவர் அதுதான் எல்லோருக்கும் முடிவு என்று தோளைக் குலுக்குகிறார். இரண்டு கவிதைகளையும் சேர்த்து வைத்துப் பேச இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. புத்தகத்திலோ அவை வேறு வேறு யூனிட்.

அந்த ‘மியர்’ என்ற சின்னச் சொல்லைப் பாருங்கள். பிள்ளைகள் எல்லோரும் ‘வெறும் மறதி’ என்றே எழுதுகிறார்கள். இன்றைய ஆங்கிலத்துக்கு அது சரி. ஷேக்ஸ்பியர் காலத்தில் அதன் பொருள் வேறு. லத்தீனில் ‘மெரஸ்’ என்றால் கலப்பில்லாத, குறிப்பாகத் தண்ணீர் கலக்காத திராட்சை மது. ஷேக்ஸ்பியர் சொல்வது கலப்பற்ற, முழுமையான மறதி. ‘வெறும்’ என்று படித்தால் கிழவர் எதையோ கொஞ்சம் மறந்துவிட்டார் என்றாகிவிடும். ‘முழு’ என்று படித்தால்தான் அடுத்த வரியில் பல் இல்லை, கண் இல்லை, சுவை இல்லை, எதுவுமே இல்லை என்று அவர் அடுக்குவது தொடர்ச்சியாகிறது. வேர் தெரிந்தால் மார்க் கூடுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. வரியின் பொருள் மாறும் என்பதை மட்டும் காட்ட முடியும்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வேலை புதிதல்ல. ஆங்கில வகுப்புக்கு முந்தைய பீரியடில் தமிழாசிரியர் நடத்திவிட்டுப் போனதே இதுதான்: பகுபதம், அதாவது உறுப்புகளாகப் பிரிக்கக்கூடிய சொல். ‘பகுதி விகுதி இடைநிலை சாரியை சந்தி விகாரம்’ என்று நன்னூல் அடுக்கியதை ஒப்பித்துவிட்டு, நடந்தனன் என்பதை நட, த், த், அன், அன் என்று பிரித்து, முதல் த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, பிறகு சாரியை, பிறகு ஆண்பால் வினைமுற்று விகுதி என்று வரி வரியாக எழுதி மார்க் வாங்குகிறவர்கள் இவர்கள். ஒரு சொல்லை ஆறு உறுப்பாக அறுத்துப் பெயர் சொல்லத் தெரிந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு ‘இன்கிரெடிபிள்’ என்பதை ‘இன் + கிரெட் + இபிள்’ என்று பிரிப்பது பெரிய காரியமா?

புணர்ச்சியும் அப்படியே. ‘இன்’ என்ற முன்னொட்டு ‘பாஸிபிள்’ முன்னால் ஏன் ‘இம்’ ஆகிறது, ‘லீகல்’ முன்னால் ஏன் ‘இல்’ ஆகிறது, ‘ரெகுலர்’ முன்னால் ஏன் ‘இர்’ ஆகிறது என்று கேட்டால் ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் பட்டியல் போட்டுக் காட்டும். தமிழ் படித்த பிள்ளையிடம் மரம் + கள் ஏன் மரங்கள் ஆகிறது என்று கேளுங்கள், போதும். வருகிற எழுத்துக்கு ஏற்ப நிற்கிற எழுத்து திரியும். அங்கே ம், ங் ஆயிற்று. இங்கே ன், ம் ஆயிற்று. இதை முதல்முறை சொன்னபோது ஒரு மாணவி, ‘அப்ப இங்கிலீஷ்லயும் திரிதல் விகாரம் இருக்கா சார்?’ என்று கேட்டாள். இருக்கிறது அம்மா, யாரும் அதை உனக்குத் தெரிந்த பெயரில் சொல்லவில்லை.

பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கின்றன. இது பழைய பழக்கம்கூட இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வந்த வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை ஐரோப்பியருக்கு லத்தீனில்தான் எழுதிக் காட்டினார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். அந்தப் பாலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து நாம் நடக்கக் கூடாதா?

மற்ற பாடங்களையும் விட்டுவிட வேண்டாம். தாவரவியல் புத்தகத்தில் மாமரத்தின் பெயர் மாஞ்சிஃபெரா இண்டிகா. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அச்சில் ஏற்றிய பெயர். அதன் முன்பாதி நம் மாங்காய்தான், போர்த்துகீசியர் வாயில் ‘மாங்கா’ ஆகி ஐரோப்பாவுக்குப் போனது. பின்பாதி லத்தீன், ‘ஃபெர்ரே’, சுமத்தல், தாங்குதல். மாங்காயைச் சுமப்பது என்று பெயர். அந்த ஃபெர்ரேயைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலப் பாடத்தின் டிரான்ஸ்ஃபரும் ப்ரிஃபரும் வசப்படும். சஃபர் என்பது சப் + ஃபெர், அடியில் கிடந்து தாங்குதல். விலங்கியலில் சிறுநீரகப் பாடத்துக்குப் போனால் அஃபரென்ட், எஃபரென்ட் என்று இரண்டு நுண்தமனிகள். எது உள்ளே கொண்டுவருவது, எது வெளியே கொண்டுபோவது என்று பிள்ளைகள் ஆண்டுதோறும் குழம்புகிற இடம் அது. ‘அட்’ என்றால் நோக்கி, ‘எக்ஸ்’ என்றால் வெளியே. அட், ஃபெர் முன்னால் வந்து அஃப் ஆகத் திரிந்தது. இவ்வளவுதான். நர்ஸிங் சேர்ந்த என் பழைய மாணவர்களுக்கு மருந்துச் சீட்டே ஒரு லத்தீன் பாடம்: பி.டி. என்றால் ‘பிஸ் இன் டீஏ’, நாளுக்கு இரண்டு முறை. எஸ்.ஓ.எஸ். என்றால் ‘சி ஓபஸ் சிட்’, தேவைப்பட்டால் மட்டும்.

தமிழ்வழியில் படித்தவர்கள் கல்லூரியின் முதலாண்டில் திணறுவது பெரும்பாலும் கருத்தில் இல்லை, சொல்லில்தான். அந்தச் சொற்களுக்குப் பாலம் போடும் வேலையைப் பள்ளி ஆங்கில வகுப்பு செய்யலாம்.

ஆனால் வேர்ப்பித்துப் பிடித்து அலைவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. வேர் ஏமாற்றும். ஃபெர்ரே என்றால் சுமத்தல், ‘ஃபெர்ரம்’ என்றால் இரும்பு, வேதியியலில் எஃப்.இ. என்று எழுதுகிறோமே, அது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பெடஸ்ட்ரியனில் இருப்பது லத்தீன் கால், பீடியாட்ரிக்ஸில் இருப்பது கிரேக்கக் குழந்தை. ஹோமோ சேப்பியன்ஸில் ஹோமோ லத்தீன் மனிதன், ஹோமோஜீனியஸில் அது கிரேக்கத்தில் ‘ஒரே’. ஒலி ஒத்தால் உறவு என்று நினைக்கும் பழக்கம் நம் ஊரில் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் கொடிகட்டிப் பறக்கிறது. உலகத்துச் சொல்லையெல்லாம் தமிழிலிருந்து பிறப்பித்துவிட்டு ‘பெருமைப்படுங்கள்’ என்று அனுப்புகிறார்கள். கட்டமரானும் மிளகுதண்ணியும் நம்மிடமிருந்து போனதற்குச் சான்று இருக்கிறது, அதைச் சொல்லலாம். சான்று இல்லாததைச் சொல்லக் கூடாது என்பதையும் இந்த வகுப்பிலேயே கற்பிக்கலாம். அதற்காகவாவது ஆசிரியர் கையேட்டில் ஒவ்வொரு வேருக்கும் சரிபார்த்த குறிப்பு வேண்டும். எங்களை இணையத்தில் தேடவிட்டால் ஆளுக்கொரு கதை சொல்வோம்.

பொருளும் நகரும். புத்தகத்தில் ஜார்ஜ் ஆர்வெல்லின் தேநீர்க் கட்டுரை இருக்கிறது, 1946 ஜனவரியில் வந்தது. அதன் தலைப்பில் இருக்கும் ‘நைஸ்’, லத்தீன் ‘நெஸ்கியஸ்’ வழி வந்தது. அறியாதவன் என்று பொருள். ‘ஸ்கீரே’, அறிதல், அதுதான் சயின்ஸிலும் இருக்கிறது. முட்டாளைக் குறித்த சொல் பல நூற்றாண்டுகள் நகர்ந்து இனியதைக் குறிக்க வந்துவிட்டது. நாற்றம் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது என்று தமிழ் வகுப்பில் படித்த பிள்ளைக்கு இதில் வியப்பு இருக்காது. அதே ஆர்வெல், அதே ஆண்டில் வெளியான இன்னொரு கட்டுரையில், லத்தீன், கிரேக்கச் சொற்களைப் போட்டால் எழுத்து கம்பீரமாகிவிடும் என்று நினைக்கும் எழுத்தாளர்களைக் கடிந்துகொள்கிறார். அவர் சொன்னது சரி. நான் கேட்பது படிக்கிறபோது உதவுகிற வேர். கட்டுரையில் பெரிய பெரிய சொல்லாகத் திணித்து மெருகேற்றுவதற்கு அல்ல.

சொல்லப்போனால் லத்தீன் இல்லாத இடத்தைக் கண்டுபிடிக்கவும் வேர் உதவும். டென்னிசனின் ‘யூலிஸிஸ்’ 1842இல் வெளியானது. அதில் கிழட்டு அரசன் தன் மகனைப் பற்றிப் பேசும்போது ‘ப்ரூடென்ஸ்’, ‘காமன் ட்யூட்டீஸ்’, ‘ஆஃபிஸஸ்’, ‘அடோரேஷன்’ என்று வரிக்கு வரி லத்தீன் வாடை. கோப்பு பார்க்கிற மொழி, பொறுப்பான பிள்ளைக்கு அப்பா கொடுக்கிற நற்சான்றிதழ். தன்னைப் பற்றிப் பேசி முடிக்கிற கடைசி வரியிலோ ‘சீக்’, ‘ஃபைண்ட்’, ‘யீல்ட்’ என்று பழைய ஆங்கிலத்தின் குட்டிச் சொற்கள். மகன் நாட்டை ஆளட்டும், எனக்குக் கடல் போதும் என்பதை அந்தச் சொற்களின் குலமே சொல்லிவிடுகிறது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்ற நான்கும் செய்யுளுக்கு உரியவை என்று தொல்காப்பியம் வகுத்ததைப் படித்த பிள்ளைகள்தானே. எந்தச் சொல் எந்த வகை, அதை ஏன் கவிஞன் இங்கே வைத்தான் என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும்.

செயலுக்கு வருவோம். நூறு வேர், இருநூறு வேர் என்று புத்தகத்தின் பின்னால் பட்டியல் போட்டுவிடாதீர்கள். அன்றே அது, தேர்ச்சி பெற உருப்போடக் கொடுக்கும் மினிமம் மெட்டீரியலில் ஏறும், அதற்கு அடுத்த நாள் ஒரு மதிப்பெண் வினாவாகும், கதை முடிந்தது. அமெரிக்காவில் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்காகப் பிள்ளைகள் வேர்ப்பட்டியலையும் அரிய சொற்களையும் அட்டை அட்டையாக உருப்போட்டார்கள். 2016இல் தேர்வை மாற்றி அமைத்தபோது அப்படிப்பட்ட கோடிட்ட இடம் நிரப்பும் வினாக்களையே எடுத்துவிட்டார்கள். உருப்போட்டது யாருக்கும் கவிதை படிக்க உதவியதாகத் தெரியவில்லை.

பாடத்துக்கு மூன்று சொல் போதும். அந்தப் பாடத்தில் வரும் சொல்லாகவே இருக்கட்டும். சொற்பொருள் தரும் இடத்திலேயே, ஓரத்தில், வேர் இது, இதே வேரில் உங்கள் அறிவியல் புத்தகத்திலோ வணிகவியல் புத்தகத்திலோ இருக்கும் இன்னொரு சொல் இது என்று இரண்டு வரி. வினாத்தாளில் இடம் தருவதானால் ஒரு மதிப்பெண் பகுதியில் தராதீர்கள். ‘இந்த வரியில் இந்தச் சொல்லின் வேர் படிமத்துக்கு எப்படித் துணை செய்கிறது?’ என்று கவிதை நயப் பகுதியில், விருப்ப வினாவாக, கவிதை வரியோடும் வேரின் பொருளோடும் கொடுத்துக் கேளுங்கள். வேர் நினைவிருக்கிறதா என்பதை ஏன் சோதிக்க வேண்டும்? அதைக் கொடுத்துவிட்டு யோசிக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி விஷயத்தில் ஒரு வேண்டுகோள். மாவட்ட அளவில் நடக்கும் முதுகலை ஆசிரியர் பயிற்சியில் ஒரே ஒரு நாளாவது தமிழாசிரியர்களையும் ஆங்கில ஆசிரியர்களையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். பகுபத உறுப்பிலக்கணத்தை எங்களைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். சந்திக்கும் விகாரத்துக்கும் வித்தியாசம் எது என்று எங்களில் பல பேருக்கு மறந்து பல வருஷம் ஆயிற்று. தேநீர் இடைவேளை முடிவதற்குள் பாதி பாடத்திட்டம் தயாராகிவிடும்.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்யுள்கள் ஆறுக்கும் இந்த முறையில் நான் எழுதி வைத்திருக்கும் வகுப்புக் குறிப்புகள் இருக்கின்றன. கையெழுத்துதான், தட்டச்சு செய்து தருகிறேன். எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முதுகலை ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
அரசு மேல்நிலைப் பள்ளி